ஏழைகளின் பெயர் விடுபடாமலிருக்க: பட்டியல்களை இணைக்கும் இலவச மென்பொருள்கள்



2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. தென்னந்தோப்புகள் சாய்ந்தன, கூரைகள் பறந்தன, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது டெல்டாவின் ஓர் ஊரில் நிவாரணப் பொருட்களைப் பகிர்ந்தவர்களில் நானும் ஒருவன்.

எங்களிடம் மூன்று பட்டியல்கள் இருந்தன. ஒன்று ஜமாஅத்தின் சந்தா நோட்டு. இரண்டாவது இளைஞர்கள் எக்ஸெலில் தட்டியது. மூன்றாவது, வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியது. சில வீடுகளுக்கு இரண்டு மூன்று தார்ப்பாய்கள் போய்ச் சேர்ந்தன. நான்காம் நாள் விதவைத் தாய் ஒருவர் பள்ளிவாசலுக்கு வந்து, "என் பேரு எதுலயும் இல்லையா அஜ்ரத்?" என்று கேட்டார். சந்தா நோட்டில் அந்த வீடு, வேலைக்காக வெளியூர் போய்விட்ட மகனின் பெயரில் இருந்தது. ஜமாஅத் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்து இளைஞர்கள் அந்த வீட்டை எழுதவில்லை. யாரும் மோசம் செய்யவில்லை. மூன்று பட்டியல்களையும் யாரும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

வெவ்வேறு இடங்களில் கிடக்கும் தகவல்களை ஒன்றோடொன்று பொருத்தி ஒரே பட்டியலாக்குவதைத்தான் 'தரவு ஒருங்கிணைப்பு' என்கிறார்கள். ஜகாத், பைத்துல்மால், மதரஸா மாணவர் பட்டியல், நிக்காஹ் பதிவேடு என்று நம் மஹல்லாக்களில் இதற்கான தேவை எப்போதும் உண்டு.

அண்டை நாட்டில் ஒரு முன்மாதிரி

2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கை இதே சிக்கலைப் பெரிய அளவில் சந்தித்தது. காணாமல் போனவர்கள், முகாம்களில் தங்கியவர்கள், உதவும் அமைப்புகள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டியல். அந்நாட்டுக் கணினி வல்லுநர்கள் தன்னார்வமாகக் கூடி, சில வாரங்களுக்குள் 'சஹானா' என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். சிங்களத்தில் அதற்கு நிவாரணம் என்று பொருள். அதை எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றிக்கொள்ளவும் அனுமதித்தார்கள். இப்படிப்பட்டதைத்தான் 'ஓப்பன் சோர்ஸ்', அதாவது திறமூல மென்பொருள் என்கிறோம். அடுத்த ஆண்டு பாகிஸ்தான் பூகம்பத்தின்போதும் சஹானா கைகொடுத்தது.

தேர்ந்தெடுக்கும் முன் மூன்று கேள்விகள்

முதலாவது, இணையம் இல்லாமல் இது வேலை செய்யுமா? புயல் நேரத்தில் நமக்கு மிஞ்சியது ஜெனரேட்டரில் சார்ஜ் ஏற்றிய மடிக்கணினி மட்டும்தான்.

இரண்டாவது, இன்னொருவர் ஓரிரு நாளில் இதைக் கற்றுக்கொள்ள முடியுமா? கணினி தெரிந்த பிள்ளை விசா வந்ததும் துபாய்க்குப் போய்விடுவார். அவரோடு பட்டியலும் போய்விடக் கூடாது.

மூன்றாவது, நாளை இந்த மென்பொருள் நின்றுபோனால் நம் தகவலை வெளியே எடுக்க முடியுமா? உலகெங்கும் பலர் பயன்படுத்திய 'டேலண்ட் ஓப்பன் ஸ்டூடியோ' இலவசமாகத்தான் கிடைத்தது. அந்த நிறுவனத்தை 2023இல் க்ளிக் நிறுவனம் வாங்கியது. 2024 ஜனவரி 31உடன் இலவசப் பதிப்பு நிறுத்தப்பட்டது. எனவே எந்த மென்பொருளில் வேலை செய்தாலும், எதிலும் திறக்கக்கூடிய 'சிஎஸ்வி' கோப்பாக ஒரு பிரதி வைத்திருங்கள்.

எது நமக்கு ஏற்றது?

இணையத்தில் தேடினால் ஏர்பைட், அப்பாச்சி நைஃபை, அப்பாச்சி ஹாப் என்ற பெயர்கள் வரும். பல கணினி அமைப்புகளிலிருந்து தகவல் ஓயாமல் வந்து குவியும் நிறுவனங்களுக்கு அவை பொருந்தும். அவற்றை நிறுவிப் பராமரிக்கத் தொழில் தெரிந்த ஆள் வேண்டும். எண்ணூறு குடும்பங்கள் உள்ள மஹல்லாவுக்கு அவை தேவையில்லை.

நமக்கு மூன்று போதும். பட்டியலை வைத்துக்கொள்ள 'லிப்ரே ஆபிஸ் கால்க்'. எக்ஸெல் தெரிந்தவருக்கு இது புதிதாக இருக்காது. வீடு வீடாகச் சென்று விவரம் எடுக்க 'கோபோ டூல்பாக்ஸ்'. தமிழில் படிவம் தயாரித்து, ஆண்ட்ராய்டு போனில் இணையம் இல்லாமலே நிரப்பி, இணைப்பு கிடைத்ததும் அனுப்பலாம். அதன் இலவசத் திட்டத்தில் பதிவுகளுக்கு வரம்பு உண்டு.

பட்டியல்களைப் பொருத்துவதற்கு 'ஓப்பன்ரிஃபைன்'. முன்பு கூகுள் நடத்திய இதை 2012 முதல் தன்னார்வலர்கள் நடத்தி வருகிறார்கள். திரையில் பிரவுசரில் தெரிந்தாலும் இது நம் கணினிக்குள்ளேயே இயங்குகிறது. தகவல் வெளியே போவதில்லை. இரண்டாயிரம் வரிசைகள் வரை உள்ள பட்டியலுக்குப் பழைய மடிக்கணினியே போதும்.

வேலை செய்யும் முறை

முதலில் அசல் கோப்பைத் தொடாமல் பிரதி எடுங்கள். பழைய பட்டியல் பாமினி போன்ற எழுத்துருவில் தட்டப்பட்டிருந்தால் அதை யூனிகோடுக்கு மாற்றுங்கள். நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது ஆங்கில எழுத்துதான். மாற்றாவிட்டால் எதுவும் பொருந்தாது.

அடுத்து, பெயர்கள். ஒரே பெண்மணி கதீஜா, கதிஜா, கத்தீஜா என்று மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பார். ஓப்பன்ரிஃபைனில் உள்ள 'கிளஸ்டர்' வசதி இப்படி ஒத்த பெயர்களைத் திரட்டிக் காட்டும். ஆனால் நம் ஊர்களில் ஒரே தெருவில் நான்கு பாத்திமாக்கள் இருப்பார்கள். பெயரை மட்டும் பார்த்து இருவரை ஒருவராக்கிவிடாதீர்கள். தகப்பனார் அல்லது கணவர் பெயர், தெரு, கதவு எண் ஆகியவற்றோடு ஒப்பிட்டு, ஊர் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து முடிவு செய்யுங்கள்.

பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண் கொடுத்து, எல்லாப் பட்டியல்களிலும் அதையே எழுதுங்கள். அதன்பின் கால்க்கில் 'விலுக்அப்' மூலமாகவோ, ஓப்பன்ரிஃபைனில் 'கிராஸ்' மூலமாகவோ அந்த எண்ணை வைத்து ஒரு பட்டியலின் விவரத்தை மற்றொன்றில் கொண்டு வரலாம்.

இணைத்து முடித்ததும், ஒரே ஒரு பட்டியலில் மட்டும் இருக்கும் வீடுகளைத் தனியாக எடுங்கள். முதலில் நேரில் போக வேண்டியது அங்கேதான். அன்று நாங்கள் இதைச் செய்திருந்தால், மகன் பெயரில் இருந்த அந்த வீட்டின் கதவை முதல் நாளே தட்டியிருப்போம். எந்தப் பட்டியலிலும் இல்லாதவரை எந்த மென்பொருளும் காட்டாது. அதற்குத் தெருத் தெருவாக நடக்கத்தான் வேண்டும்.

இது அமானிதம்

யார் ஜகாத் வாங்குகிறார், யார் கடனில் இருக்கிறார் என்பது அவர்களுடைய மானம் சம்பந்தப்பட்டது. ஆதார் எண்ணைச் சேகரிக்காதீர்கள். பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். கோப்புக்குக் கடவுச்சொல் வையுங்கள். அதை முத்தவல்லியும் பொறுப்பாளர் இருவரும் மட்டும் அறிந்திருக்கட்டும்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகராவின் 282ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீண்டது. உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில் மானியம் பெறுவோருக்குப் பதிவேடு ஏற்படுத்தினார்கள். எழுதி வைப்பது நமக்குப் புதிதல்ல. அடுத்த மழைக்காலம் வருவதற்குள் நம் மஹல்லாவின் பட்டியல்களை ஒருமுறை சேர்த்து வைத்துப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.