ராப்பருக்குப் பின்னால் எட்டிப் பார்க்கலாம், வாங்க!

163. என் முதல் சிறுகதைத் தொகுப்பை லே-அவுட் செய்த தம்பி அனுப்பிய பிடிஎஃப், இந்த எண்ணில் வந்து நின்றது. திருவல்லிக்கேணி அச்சகக்காரர் போனிலேயே சிரித்துவிட்டார். “மேடம், 160-ல நிறுத்துங்க. இல்லன்னா 176-க்கு இழுங்க. நடுவுல நிக்காதீங்க.”

ஆஃப்செட் அச்சில் ஒரு தாளின் முன்பக்கம் எட்டு, பின்பக்கம் எட்டு என்று 16 பக்கங்கள் ஒன்றாக ஓடி, மடிந்து வரும். அதுதான் ஒரு ஃபாரம். பத்து ஃபாரத்தில் முடிந்தால் 160. மூன்று பக்கம் மிஞ்சினால் அதற்கென்று தனி பிளேட், தனி மடிப்பு, தனிக் காசு, கடைசியில் நிறைய வெள்ளைத் தாள்.

வேடிக்கை இங்கேதான் ஆரம்பிக்கிறது. கதையைச் சிதைக்காமல் மூன்று பக்கத்தை எப்படி விழுங்குவது? பத்தியின் கடைசி வரியில் ஒற்றைச் சொல் மட்டும் தொங்குகிற இடங்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு பத்தி ‘போனான்’ என்று தனி வரியில் முடிந்திருந்தது. நாலு வரி மேலே ‘மிகவும் மெதுவாக’ என்று எழுதியிருந்தேன். ‘மிகவும்’ போயிற்று. ‘போனான்’ மேல் வரிக்கு ஏறிக்கொண்டான். ஒரு வரி லாபம்! அந்த ருசி கண்டபின் விடுவேனா? திடீரென்று, அப்போது, ஏதோ ஒருவிதமான... எல்லாவற்றையும் களையெடுத்துத் தள்ளினேன். எந்த எடிட்டர் காலில் விழுந்து கேட்டிருந்தாலும் வெட்டியிருக்க மாட்டேன். காகிதக் கணக்கு கேட்டதும் கொடுத்துவிட்டேன். கதைகள் பழையதைவிட நன்றாக ஆகிவிட்டன என்பதை மட்டும் அச்சகக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் பில் போடுவார்.

“இதையெல்லாம் நீங்க ஏன் பார்க்கணும்? பேக்கேஜா பணத்தைக் கட்டுங்க, புத்தகம் வீட்டுக்கு வரும்” என்று சொல்கிற நிறுவனங்கள் இப்போது ஏராளம். தாராளமாகக் கட்டலாம். கல்யாண வீட்டில் சமையற்கட்டுப் பக்கமே போகாமல் பந்தியில் மட்டும் உட்கார்ந்து எழுந்து வருவது போன்றது அது. எனக்கு ஒப்பாது. வம்பெல்லாம் சமையற்கட்டில்தானே நடக்கிறது!

எழுத்துரு வம்பைக் கேளுங்கள். நாம் யூனிகோடில் தட்டச்சு செய்கிறோம். வடிவமைப்பவர்கள் பலர், அழகான எழுத்துகள் அங்கேதான் இருக்கின்றன என்று இன்னமும் பழைய எழுத்துருக்களுக்கு மாற்றித்தான் வேலை செய்கிறார்கள். அந்த மாற்றத்தில் ஏதாவது ஒன்று கழன்று விழும். என் கதாநாயகன் ஸ்ரீதர். முதல் புரூஃபில் அவன் தலையெழுத்து போய், ஒரு காலிக் கட்டமும் ‘தர்’ருமாகக் கதை முழுக்க நடமாடினான். காதலி அவனை அந்தப் பெயரிலேயே உருகி உருகிக் கூப்பிட்டாள். அடுத்தது வரி உடைகிற இடம். ‘பக்கம்’ என்ற சொல்லில் ‘ப’வை மேலே விட்டுவிட்டு ‘க்கம்’ கீழே இறங்கியிருந்தது. புள்ளி வைத்த எழுத்து வரியின் தலையில் உட்காரக்கூடாது என்பது தமிழ் அச்சின் பழைய மரபு. கணினிக்கு அது தெரியாது. பக்கம் பக்கமாக நாம்தான் தள்ளி உட்கார வைக்க வேண்டும்.

மெய்ப்பு பார்த்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சிவப்புப் பேனா, மடியில் அட்டை, வாயில் ஏலக்காய். ‘கதைக் கேட்டாள்’ என்று நான் எழுதியிருந்த ‘க்’கைச் சுழித்துவிட்டு, “ஏம்மா, ‘ஐ’ வெளியில தெரிஞ்சா ஒற்று போடு, ‘கதையைக் கேட்டாள்’னு. அது ஒளிஞ்சிருந்தா நீ ஏன் போய்க் காட்டிக்கொடுக்கற?” என்றார். பள்ளிக்கூடத்தில் இப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தால் நான் எப்போதோ உருப்பட்டிருப்பேன்.

ராப்பர் (அட்டையை இந்தத் தொழிலில் யாரும் அட்டை என்று சொல்வதில்லை) பக்க எண்ணிக்கை உறுதியாகும்வரை முடியாது. ஸ்பைன், அதாவது புத்தகத்தின் முதுகு, எத்தனை மில்லிமீட்டர் என்பது பக்கத்தையும் தாளின் எடையையும் (ஜிஎஸ்எம்) பொறுத்தது. 160 பக்கம், 70 ஜிஎஸ்எம் என்றால் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த ஒல்லி இடத்தில்தான் புத்தகப் பெயர், என் பெயர், பதிப்பகத்தின் பெயர் மூன்றும் நெருக்கியடித்து நிற்க வேண்டும். ஆமாம், பதிப்பகம்! சொந்தமாக ஒன்று வைத்தாகிவிட்டது. முகவரி எங்கள் வீட்டு ஹால். பெயரைச் சொல்ல மாட்டேன், விளம்பரமாகிவிடும்.

ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண்ணுக்குக் காசு கிடையாது என்று சொன்னால் இன்னமும் பலர் நம்புவதில்லை. இந்தியாவில் அதைக் கொடுப்பது மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை. தனி எழுத்தாளரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். 13 இலக்கங்கள் வரும். முதல் 12 இலக்கங்களை 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால், அந்தக் கூட்டுத்தொகையைப் பத்தின் மடங்காக்கத் தேவைப்படும் எண்தான் கடைசி இலக்கம். ராத்திரி பதினொரு மணிக்குப் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது! அம்மாவை எழுப்பிச் சொன்னேன். “தூங்குடி” என்றாள்.

இப்படிச் சொந்தமாகப் புத்தகம் போடுவது புது மோகம் என்று நினைக்க வேண்டாம். உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது முன்கூட்டியே ஆள் ஆளாகக் கையொப்பம் வாங்கித்தான் செலவைச் சமாளித்தார். நாம் கூகுள் ஃபாரமும் ஜிபே எண்ணும் போட்டு ‘முன்வெளியீட்டுத் திட்டம்’ என்கிறோம், அவ்வளவுதான். பாரதியார் அதற்கும் மேலே போனவர். 1920-இல் கடையத்தில் உட்கார்ந்துகொண்டு தம் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி போடத் திட்டம் தீட்டி, பணம் கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை விட்டார். தீப்பெட்டி, மண்ணெண்ணெயைவிட வேகமாக விற்றுப்போகும் என்று வேறு எழுதினார். திட்டம் நடக்கவில்லை. ஆனால் நான்கு லட்சம் பிரதி! நான் முன்னூறு போடவே அச்சகக்காரர் “நல்லா யோசிச்சுட்டீங்களா?” என்று கேட்டார்.

மின்னூலுக்கு வருவோம். கிண்டிலில் தமிழ் வந்தது 2016 கடைசியில். ஏற்றுவது எளிது, ஏற்றியபின் சும்மா இருப்பதுதான் கஷ்டம். இந்திய விற்பனையில் 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் ‘செலக்ட்’ திட்டத்தில் சேர வேண்டும். 90 நாளைக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக்கூடாது. அச்சுப் புத்தகத்துக்கு அந்தத் தடை இல்லை. கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர்கள் படிக்கிற பக்கத்துக்குத் தனிக் காசு. எத்தனை பக்கம் படிக்கப்பட்டது என்று நாள்வாரியாகக் கோடு வரைந்து காட்டுவார்கள் பாருங்கள், அங்கேதான் ஆசாமி காலி! ஒருநாள் காலையில் நாற்பது சொச்சம் பக்கம் ஏறியிருந்தது. அதோடு நின்றுவிட்டது. யார் அது? எந்த ஊர்? மூன்றாவது கதையில் கிழவி செத்ததும் மூடிவிட்டாரா? ஆபீஸ் பஸ் வந்துவிட்டதா? அன்று முழுக்க ஒரு வரிகூட எழுதவில்லை. மறுநாள் கோடு மறுபடி மேலே ஏறியதும் வீட்டுக்கு மைசூர்பாகு வாங்கி வந்தேன். அந்தப் பக்கங்களால் எனக்குக் கிடைத்த தொகையில் அந்த மைசூர்பாகின் ஒரு முனையைக்கூடக் கடித்திருக்க முடியாது.

அச்சுப் பிரதிகள் வந்தபின் ஹால் கிடங்காகிவிடும். அம்மா டேப் ஒட்டுவதில் கெட்டிக்காரி. மூலை மடங்காமல் இரண்டு பக்கமும் அட்டை வைத்துக் கட்டுவாள். நான் கையெழுத்து இலாகா. ரெஜிஸ்டர்டு போஸ்ட் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டதால் கூரியரா, ஸ்பீட் போஸ்ட்டா என்று பார்சலுக்குப் பார்சல் எடைக்கணக்கு. தபாலாபீஸ் கவுன்ட்டர் அம்மாவுக்கு இப்போது என்னைத் தெரியும். தலையைக் கண்டதுமே, “இன்னிக்கு எத்தனை கண்ணு?” என்பார். அவர் தம்பி மகள் கவிதை எழுதுகிறாளாம். எனக்கு ஒரு போட்டியாளர் உருவாகிறார்.

உச்சக்கட்டக் குஷி எது தெரியுமா? கன்னிமாரா! 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிப்பாளர் எவராக இருந்தாலும் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும் தம் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். தவறினால் அபராதம் ஐம்பது ரூபாய் வரையிலும், கூடவே புத்தகத்தின் விலையும். அந்தத் தொகைக்குப் பயந்து யாரும் அனுப்புவதில்லை என்று வையுங்கள். ஆனால் எழும்பூரில், 1896-இல் திறந்த கட்டடத்தின் வாசலில், “பதிப்பாளர் பிரதி கொடுக்க வந்திருக்கேன்” என்று சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் எவர்தான் விடுவார்? ஒரு முறைக்கு இரண்டு முறை சொன்னேன், முதல் தடவை குரல் எழும்பவில்லை என்கிற சாக்கில்.

ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. புத்தகக் காட்சி. தனி ஸ்டால் போட நமக்கு வக்கு இல்லை. தெரிந்த பதிப்பகத்தின் ரேக்கில் நாற்பது சதவீதக் கழிவுக்கு இடம் கிடைத்தது. கீழ்த்தட்டு. வாசகர் வேஷத்தில் ஓரமாக நின்றேன். நீலச் சட்டைப் பையன் ஒருவன் குனிந்து எடுத்தான், பின்னட்டையைப் படித்தான், விலையைப் பார்த்தான், திரும்ப வைத்தான். ஸ்பைன் உள்பக்கம் போய்விட்டது. அவன் நகர்ந்ததும் நான் போய்த் திருப்பி வைத்தேன். அப்படியே இடுப்பு உயரத் தட்டில் ஒரு பிரபலத்தின் நாவலுக்குப் பக்கத்தில் ஒன்றைச் செருகினேன். கொஞ்ச நேரம் கழித்து, வெளிச்சம் சரியாக விழவில்லையே என்று அதையே எடுத்துச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தபோது, பில் போடுகிற பெண் எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, அந்த புக்கையே ரொம்ப நேரமா எடுத்து எடுத்து வெக்கறீங்க. புடிச்சிருந்தா வாங்கிக்கோங்க, பத்து பர்சன்ட் தள்ளுபடி இருக்கு.”