நின்று துடுப்பு போடும் பலகை: புதுச்சேரிக் கடலில் மாலை நேர முதல் பயணம்

நின்று துடுப்பு போடும் பலகை என்பது, அகலமான மிதவைப் பலகை ஒன்றின் மேல் நின்றுகொண்டு, நீண்ட ஒற்றைத் துடுப்பால் நீரைத் தள்ளி முன்னேறும் நீர் விளையாட்டு ஆகும். கடற்கரைகளில் இதைப் ‘பேடில் போர்டு’ என்றும், சுருக்கமாகச் ‘சப்’ என்றும் அழைக்கிறார்கள். புதுச்சேரியில் சுண்ணாம்பாறு, அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரங்களிலும் அவற்றை ஒட்டிய கடலிலும் வழிகாட்டியோடு இதில் செல்ல முடிகிறது. சூரியன் மறையும் வேளைப் பயணத்தையே பலரும் விரும்பிக் கேட்கிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம் கடற்கரை கிழக்கு நோக்கியது. கோவாவிலோ கேரளத்திலோ எடுத்த படங்களில் தெரிவதுபோல இங்கே சூரியன் கடலுக்குள் இறங்காது. ஊருக்குப் பின்னால், நிலத்தின் மேல் மறையும். மாலைப் பயணத்தின் அழகும் ஆபத்தும் பெரும்பாலும் இந்த ஒரு செய்தியிலிருந்தே புறப்படுகின்றன.

தோற்றம்

இன்றைய வடிவம் ஹவாய் தீவுகளில் உருவானது. வைக்கீக்கி கடற்கரையில் அலைச்சறுக்கு கற்றுத் தந்தவர்களில் சிலர், 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மாணவர்களைக் கண்காணிக்க வசதியாகப் பலகை மேல் நின்று துடுப்பு போட்டார்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லேர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா ஆகிய அலைச்சறுக்கு வீரர்கள் இதைத் தனி விளையாட்டாகப் பரப்பினார்கள். பன்னாட்டு அலைச்சறுக்குச் சங்கம் 2012-இல் பெரு நாட்டில் இதற்கான முதல் உலகப் போட்டியை நடத்தியது. தமிழ்நாட்டில் கோவளம் இதற்குப் பெயர் பெற்ற ஊர். அவ்வூர் வீரர் சேகர் பச்சை தேசியப் போட்டிகளில் வென்றவர்.

சோழமண்டலக் கரையில் பிறந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. சேர்த்துக் கட்டிய மரங்களின் மேல் முழந்தாளிட்டும் நின்றும் துடுப்பு போட்டு, கரையில் உடையும் அலையைத் தாண்டிப் போனவர்கள் நம் மீனவர்கள். கட்டுமரத்தில் நீர் மரங்களின் இடுக்கு வழியே ஏறி இறங்கிவிடும். அதனால் நீர் நிரம்பி மூழ்குவது என்பது அதற்கில்லை. அந்தச் சொல்லே ஆங்கிலத்துக்குப் போய் இரட்டை உடல் படகுக்குப் பெயராக நிற்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகி, கட்டுமரம் அரிதாகிவிட்டது. கட்டுமரம் ஓட்டிய பெரியவர் யாராவது வீராம்பட்டினத்திலோ நல்லவாட்டிலோ பேசக் கிடைத்தால், காற்றைப் பற்றி அவரிடம் கேட்டுவிட்டுப் பலகையில் ஏறுவது நல்லது.

பலகை, துடுப்பு, கயிறு

புதியவர்களுக்குப் பெரும்பாலும் காற்றடைத்த பலகையே தரப்படுகிறது. நீளம் 10 முதல் 11 அடி, அகலம் 30 முதல் 33 அங்குலம், தடிப்பு ஏறத்தாழ 6 அங்குலம். இதன் கொள்ளளவு 250 லிட்டருக்கு மேல் இருக்கும். ஆர்க்கிமிடிஸ் விதியைப் படித்த மாணவர் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 250 லிட்டர் நீரை இடம்பெயர்க்கும் பொருளை நீர் ஏறத்தாழ 250 கிலோ எடைக்கு நிகரான விசையோடு மேலே தள்ளும். பலகையின் எடை 10 கிலோ, ஆளின் எடை 80 கிலோ என்றாலும் மிச்சம் ஏராளம். ஆகவே பலகை மூழ்குமோ என்ற அச்சம் தேவையில்லை. ஆள் விழுவார், பலகை மிதக்கும்.

துடுப்பு, ஆளின் உயரத்தைவிட ஏறத்தாழ ஒரு சாண் கூடுதலாக இருக்க வேண்டும். அதன் அலகு தண்டிலிருந்து சற்றே சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு முன்பக்கம் நோக்கி இருப்பதே சரி. மண்வெட்டியைப் பிடித்துப் பழகிய கை அதைத் தலைகீழாகத்தான் பிடிக்கப் பார்க்கும். ஒரு கை துடுப்பின் உச்சிக் கைப்பிடியிலும் மறு கை தண்டின் நடுவிலும் இருக்க வேண்டும்.

பலகையை ஆளோடு பிணைக்கும் கயிற்றைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடலில் விழுந்தவரைவிடப் பலகை வேகமாகக் காற்றில் ஓடிவிடும். கணுக்காலில் கட்டிய கயிறு அதைத் தடுக்கிறது. நீந்தத் தெரிந்தவர்களும் கடலில் இதை அவிழ்க்கக் கூடாது. ஆனால் ஓடும் நீரில் நிலைமை வேறு. ஆற்று முகத்துவாரத்தில் நீர் வேகமாக வடியும்போது, கயிறு அலையாத்தி வேரிலோ மீன்பிடிக் கழியிலோ சிக்கினால், நீரோட்டம் ஆளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கணுக்காலை எட்டி அவிழ்க்க முடியாது. அங்கே இடுப்பில் கட்டி, ஒரே இழுப்பில் கழற்றக்கூடிய பட்டைதான் பொருத்தம். வழிகாட்டி எந்தக் கயிற்றை எங்கே தருகிறார் என்பதிலிருந்தே அவருடைய தேர்ச்சியை ஓரளவு அறியலாம். மிதவைச் சட்டை பற்றி விவாதமே வேண்டாம்: உடலில் அணிந்து, பட்டைகள் பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

நிற்பதும் விழுவதும்

முழங்கால் ஆழ நீரில் பலகையை நிறுத்தி, நடுவிலுள்ள கைப்பிடியின் இருபுறமும் முழந்தாளிட்டு ஏறுவது முதல் படி. அப்படியே நூறு மீட்டராவது துடுப்பு போட்டுப் பழகலாம். பிறகு ஒவ்வொரு காலாக, முழங்கால் இருந்த இடத்திலேயே பாதத்தை வைத்து எழ வேண்டும். பாதங்கள் இடுப்பு அகலத்தில், முழங்கால்கள் சற்று மடங்கியபடி, பார்வை தொலைவில். காலைப் பார்த்தால் தலை குனியும், உடல் எடை முன்னே சாயும், அடுத்த நொடி தண்ணீரில் இருப்போம். மிதிவண்டியைப் போல, அசையாமல் நிற்பதைவிடத் துடுப்பு போட்டு நகரும்போது சமநிலை எளிதாகிறது.

விழும்போது பலகையை விட்டு விலகி, உடலைப் பரப்பி விழ வேண்டும். ஆழம் குறைந்த இடத்தில் தலைகீழாகவோ கால் ஊன்றியோ விழுந்தால் கழுத்தும் கணுக்காலும் போகும். மீண்டும் ஏற, பக்கவாட்டில் கைப்பிடியைப் பற்றி, கால்களைப் பின்னே நீட்டி உதைத்து, வயிற்றால் பலகை மேல் வழுக்கி ஏறலாம். இதை ஆழமில்லாத இடத்தில் இரண்டு முறையாவது செய்து பார்க்காதவரைக் கடலுக்குள் அழைத்துப் போகக் கூடாது என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து. அறுபதைக் கடந்தவர்களுக்கு எழுந்து நிற்பதைவிட இந்த ஏற்றமே கடினம். தோள்வலி உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிடலாம். முழந்தாளிட்டே முழுப் பயணத்தையும் முடிப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

காற்று எங்கிருந்து வருகிறது?

நிற்கும் மனித உடல் ஒரு சிறிய பாய். காற்று எப்பக்கம் வீசுகிறதோ அப்பக்கம் பலகை நகரும். பள்ளியில் நான்கு திசைக் காற்றுகளுக்கும் பெயர் படித்திருப்போம்: கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல். புதுச்சேரிக் கரையில் இந்தப் பெயர்களுக்கு நேரடிப் பொருள் உண்டு. கொண்டல் கடலிலிருந்து வருவது; களைத்துப்போனவரையும் கரைப் பக்கமே தள்ளும். கோடை நிலத்திலிருந்து வருவது. ஆளைக் கடலுக்குள் தள்ளும். இதில் ஒரு வஞ்சகமும் இருக்கிறது. நிலக்காற்று வீசும்போது கரையோர நீர் தட்டையாக, அலையின்றி, புதியவருக்கு அழைப்பு விடுப்பதுபோல இருக்கும். காற்றின் கை ஓங்குவது கரையைவிட்டுச் சற்று விலகிய பிறகுதான் தெரியும்.

ஒரு சிறு கணக்கு போடுவோம். புதியவர் ஒருவர் அமைதியான நீரில் மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் போகிறார் என்று கொள்வோம். நிலக்காற்று அவரைக் கடல் பக்கம் மணிக்கு 1.5 கி.மீ. தள்ளுகிறது. போகும்போது வேகம் 5.5, ஒரு கிலோமீட்டரை 11 நிமிடத்தில் கடந்து, ‘நமக்கு நன்றாக வருகிறதே’ என்று மகிழ்வார். திரும்பும்போது வேகம் 2.5 மட்டுமே. அதே தொலைவுக்கு 24 நிமிடம். கை ஓய்ந்து வேகம் 3-க்குக் குறைந்தால் 40 நிமிடம் ஆகும். இந்த 24 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமான நாளில் பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால், நண்பகலை ஒட்டிக் கடற்காற்று தொடங்கி, மாலையில் தணியும். இரவில் நிலம் குளிர்ந்ததும் நிலக்காற்று எழும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்த ஒழுங்கைக் குலைக்கும். அந்த மாதங்களில் மேற்குக் காற்று வலுத்து, சில நாட்களில் கடற்காற்றே நுழைவதில்லை. மாலையில் விழுப்புரம் பக்கம் இடிமேகம் திரண்டு கிழக்கே நகர்வதையும் நாம் அடிக்கடி பார்க்கிறோம். அம்மேகத்துக்கு முன்னே ஓடிவரும் குளிர்ந்த காற்று, மழைத்துளி விழும் முன்பே கடலை அடைந்துவிடும். மேற்கே கருத்திருந்தால் கடலுக்குப் போக வேண்டாம். கட்டணம் செலுத்தியிருந்தாலும் வேண்டாம்.

காற்றின் வேகத்துக்குப் பொதுவான வரம்பு 10 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 18 கி.மீ. கருவி இல்லாதவர் நீரைப் பார்த்தே அறியலாம். கடலில் ஆங்காங்கே வெண்நுரைத் தலைகள் தோன்றத் தொடங்கினால் அந்த வரம்பை நெருங்கிவிட்டது என்று பொருள். நடுவழியில் நிலக்காற்று எழுந்தால் உடனே முழந்தாளிட வேண்டும். போதாவிட்டால் துடுப்பை மார்புக்கடியில் வைத்துப் படுத்து, கைகளால் நீரைத் தள்ள வேண்டும். பாய் சுருங்கினால் காற்றின் பிடியும் சுருங்கும். பலகையை விட்டுவிட்டு நீந்திக் கரைசேர முயல்வதே பெருந்தவறு.

ஆறு தரும் இழுப்பு

செல்லிப்பட்டு, வில்லியனூர் வழியாக வரும் சங்கராபரணிதான் கீழே இரண்டாகப் பிரிந்து சுண்ணாம்பாறாகவும் அரியாங்குப்பம் ஆறாகவும் கடலில் கலக்கிறது. நம் கரையில் ஓதத்தின் ஏற்றஇறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள்தான். ஆனாலும் வற்றும் நேரத்தில் குறுகிய முகத்துவாரம் வழியே நீர் கடலை நோக்கி விரையும். மழைக்காலத்தில் வீடூர் அணை திறக்கப்பட்டால் அதன் வேகம் வேறு. செல்லிப்பட்டு - பிள்ளையார்குப்பம் இடையே பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கட்டி நூறாண்டு தாண்டி நின்ற படுகை அணையையே 2021 நவம்பர் வெள்ளம் உடைத்தது. ஆற்றில் நீந்தி வளர்ந்த நம் கிராமத்துப் பிள்ளைகள் இதைக் கண்ணால் பார்த்தவர்கள். முகத்துவாரத்திலும் அதே ஆறுதான் என்பதை மட்டும் அவர்கள் மறக்கக் கூடாது. ஓதம் வற்றுவதும் மேற்குக் காற்றும் இருட்டும் ஒரே நேரத்தில் கூடினால் மூன்றும் ஆளைக் கடல் பக்கமே கொண்டுபோகும்.

மறையும் ஒளி

புதுச்சேரியில் சூரியன் நவம்பர் இறுதியில் மாலை 5.40-ஐ ஒட்டியும், ஜூலைத் தொடக்கத்தில் 6.40-ஐ ஒட்டியும் மறைகிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் தொடுவானத்தை ஏறக்குறைய நேர்குத்தாகக் கடந்து இறங்குகிறது. ஐரோப்பாவில் நீண்டு கிடக்கும் அந்தி இங்கே இல்லை. மறைந்த பின் ஆளை ஆள் தெளிவாகக் காணும் வெளிச்சம் ஏறத்தாழ 22 நிமிடமே நிற்கும். மேலே கண்ட 24 நிமிடக் கணக்கு இங்கேதான் பொருந்துகிறது: சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று கடலில் ஒரு கிலோமீட்டர் தொலைவில் காத்திருந்தவர், இருட்டில் கரை சேர்வார்.

எனவே நல்ல வழிகாட்டி, சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பே குழுவைத் திருப்பி, கரைக்கு அருகில் நிறுத்திக் காட்சியைக் காட்டுவார். திரும்பும் வழியில் சாய்ந்த வெயில் நேரே கண்ணில் அடிக்கும். கரையிலுள்ள அடையாளங்கள் கருநிழலாகிவிடும். தொப்பி உதவும். வேகமாக வரும் கண்ணாடியிழைப் படகுகளுக்கு நாம் தெரிய வேண்டும் என்பதால் ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு விளக்கும் ஊதலும் இருப்பது அவசியம்.

மேற்கே சூரியன் தென்னைகளுக்குப் பின் இறங்கும்போது, பலரும் பார்க்கத் தவறும் காட்சி முதுகுப் பக்கம் இருக்கிறது. சில நிமிடங்களில் கிழக்கே கடல்மட்டத்துக்குச் சற்று மேலே சாம்பல் கலந்த நீலப் பட்டை ஒன்று எழும். அதன் மேல் இளஞ்சிவப்பு விளிம்பு. அந்த நீலப் பட்டை பூமியின் நிழல். வானத்தில் விழும் அந்த நிழலை மறைக்க மரமோ கட்டடமோ கடலில் கிடையாது. பௌர்ணமி நாளில் அதே பக்கத்திலிருந்து நிலவும் எழும். மேற்குக் கரையில் கடலில் நிற்பவருக்கு இந்த வாய்ப்பு இல்லை. அவர்களுக்குக் கிழக்கு என்பது ஊர்தான்.

புறப்படும் முன்

குழுவில் எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, துணைப்படகு உண்டா, காற்று மாறினால் பயணத்தை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று கேட்கத் தயங்க வேண்டாம். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம். பணத்தைத் தர மறுக்கும் இடத்தில் பயணத்தை நிறுத்தவும் மனம் வராது. ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் வெளியிடும் அலை, காற்று முன்னறிவிப்பை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்கு எச்சரிக்கை விடுத்துள்ள நாளில் பலகைக்கும் விடுமுறை. கடலில் ஆபத்து நேர்ந்தால் கடலோரக் காவல் படையின் கட்டணமில்லா எண் 1554. பொது அவசர எண் 112.

முதல் பயணத்துக்கு ஏற்ற மாதங்கள் பிப்ரவரி, மார்ச். வடகிழக்குப் பருவமழையின் அலை அடங்கி, மேற்குக் காற்று இன்னும் தொடங்காத காலம் அது. அப்போதும் முதல் நாளைச் சுண்ணாம்பாற்றின் உள்நீரில் கழித்து, நின்று, விழுந்து, ஏறிப் பழகிய பிறகு இரண்டாம் நாள் கடலுக்குப் போகலாம்.