மருந்துச் சோதனை: மாணவர் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

"விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்த மருந்து மனிதருக்கும் பாதுகாப்பானதுதானே?" நோய்த்தடைக்காப்புப் பாடத்தின்போது மாணவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. விடையாக, 2006 மார்ச்சில் லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் நடந்த சோதனையை நான் விளக்குவேன்.

டி.ஜி.என்.1412 என்னும் மருந்து அன்றுதான் முதன்முறையாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. பணம் பெற்றுக்கொண்டு முன்வந்த, உடல்நலமுள்ள எட்டு ஆண்களில் ஆறு பேருக்கு மருந்தும் இருவருக்கு மருந்தில்லாத கரைசலும் தரப்பட்டன. குரங்குகளுக்குத் தீங்கு செய்யாத அளவில் 500இல் ஒரு பங்கே செலுத்தப்பட்டது. ஆயினும் சில மணி நேரத்தில் ஆறு பேரும் கவலைக்கிடமாயினர், உறுப்புகள் செயலிழந்தன. அனைவரும் உயிர்பிழைத்தனர். ஒருவர் கால்விரல்களை இழந்தார்.

ஏன் இப்படி? இம்மருந்து பற்றிக்கொள்ளும் புரதம் மனிதரின் ஒருவகை நினைவு டி செல்களில் உண்டு. அக்குரங்குகளின் அதேவகைச் செல்களில் இல்லை. மேலும், முதலாமவருக்கு என்ன நேர்கிறது என்று பார்க்காமல், சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்தவருக்கும் மருந்து செலுத்தப்பட்டது. முதலில் ஒருவருக்கு மட்டும் கொடுத்துக் காத்திருக்கும் முறை இதன்பின்னரே வலியுறுத்தப்பட்டது.

நம் நாட்டில், 2019ஆம் ஆண்டு விதிகளின்படி பங்கேற்பாளரின் ஒப்புதல் கட்டாயம். அவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

நம் மேல்நிலை மாணவர்கள் விரைவில் 18 வயதை எட்டுவார்கள். கையெழுத்திடும் முன் அவர்கள் கேட்க வேண்டியவை மூன்று: இம்மருந்து இதற்குமுன் மனிதருக்குத் தரப்பட்டுள்ளதா? எத்தனை பேருக்கு, எவ்வளவு இடைவெளியில் தரப்படும்? பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சைக்கு யார் பொறுப்பு? இவற்றைக் கேட்கப் பழக்குவதும் அறிவியல் கற்பித்தலே.