38 சதவீதத்தில் அணையும் லேப்டாப்

திரையின் ஓரத்தில் 38 சதவீதம் என்று காட்டுகிறது. ஒரு வீடியோவைத் திறக்கிறீர்கள்; எந்த எச்சரிக்கையும் இல்லாமல் லேப்டாப் பட்டென்று அணைந்துவிடுகிறது. சார்ஜரைச் செருகி மறுபடி போட்டால் 37 என்கிறது. அப்படியானால் மின்சாரம் தீர்ந்துவிடவில்லை. பின் ஏன் அணைந்தது? ஐந்தாறு வருடம் உழைத்த லேப்டாப்பை வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் "பேட்டரி பொய் சொல்லுது" என்று அலுத்துக்கொள்வார்கள். பல சமயங்களில் அது பொய்யே இல்லை. அந்த 37 சதவீதம் உள்ளே உண்மையாகவே இருக்கிறது. எடுக்கத்தான் முடியவில்லை.

முதலில் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். பேட்டரிக்குள் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று நேரடியாக அளக்கும் கருவி எதுவும் லேப்டாப்பில் கிடையாது. பேட்டரி உறைக்குள்ளேயே ஒரு சில்லு உட்கார்ந்திருக்கிறது. சில மில்லி ஓம் மட்டுமே உள்ள ஒரு மின்தடையின் வழியாக எவ்வளவு மின்னோட்டம் உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று அது ஓயாமல் கூட்டிக் கழிக்கிறது. கல்லாவைத் திறந்து எண்ணாமல், வரவு செலவு நோட்டை மட்டும் பார்த்துக் கையிருப்பைச் சொல்லும் கணக்குப்பிள்ளையின் வேலை. சிறு பிசகுகள் நாள்பட நாள்படச் சேரும். முழுதாக நிரம்பும்போதும் ஏறக்குறைய காலியாகும்போதும்தான் அந்தக் கணக்கு நன்றாக நேராகும். எந்நேரமும் சார்ஜரிலேயே கிடக்கும் லேப்டாப்பில் அதற்கு வாய்ப்பே வருவதில்லை.

ஆகவே பழைய பேட்டரியைச் சோதிக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: கெட்டுப்போனது கணக்கா, சரக்கா?

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு ஓர் இலவச வழி உண்டு. கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளைக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஓர் அறிக்கை கிடைக்கும். அதில் 'டிசைன் கெப்பாசிட்டி' என்பது பிறந்தபோது இருந்த கொள்ளளவு. 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' என்பது இன்றைய கொள்ளளவு. முதல் எண் 50,000 மில்லிவாட் மணி, இரண்டாவது 29,000 என்றால், இன்று நூறு சதவீதம் என்று திரை சொல்வது பழைய 58 சதவீதத்தைத்தான். பிறந்த அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பேட்டரியை ஓய்வுக்குரியதாகக் கருதுவது தொழில்துறை வழக்கம். வீட்டு உபயோகத்துக்கு அறுபதிலும் சமாளிக்கலாம். 'சைக்கிள் கவுண்ட்' என்ற எண்ணும் அங்கே இருக்கும், சில மாடல்களில் அது வெற்றாக வரும். ஒரு சைக்கிள் என்பது ஒரு முறை சார்ஜரைச் செருகுவது அல்ல. பாதி பாதியாக இரண்டு முறை செலவழித்தாலும் அது ஒரு சைக்கிள்தான்.

பலர் இந்த அறிக்கையோடு நின்றுவிடுகிறார்கள். 38 சதவீதத்தில் அணைந்ததற்கான விடை இதில் இல்லை. அதற்குப் பேட்டரிக்குள் இருக்கும் செல்லுக்குள்ளேயே போக வேண்டும்.

லித்தியம் அயனி செல்லில் ஒரு பக்கம் கிராஃபைட், மறுபக்கம் கோபால்ட் போன்ற உலோகங்களின் ஆக்சைடு, நடுவே கரிமத் திரவத்தில் கரைந்த லித்தியம் உப்பு. சார்ஜ் ஏறும்போது லித்தியம் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் புகுந்து உட்காருகிறது. இறங்கும்போது திரும்பிப் போகிறது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்தத் திரவமும் லித்தியம் ஏறிய கிராஃபைட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. தொட்ட உடனே திரவம் சிதையத் தொடங்கும். அகிரா யோஷினோ 1985-இல் செய்த மாதிரியிலும், 1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் பேட்டரியிலும் கிராஃபைட்டுக்குப் பதிலாக வேறு வகைக் கரியே இருந்தது. அன்று பயன்பட்ட புரொப்பிலீன் கார்பனேட் என்ற திரவம் கிராஃபைட்டின் அடுக்குகளை உரித்துப் போட்டுவிடும். கிட்டத்தட்ட அதே மூலக்கூறு, ஒரேயொரு மெத்தில் தொகுதி மட்டும் குறைந்த எத்திலீன் கார்பனேட், கிராஃபைட்டோடு குடும்பம் நடத்துகிறது. ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும்தான் வித்தியாசம்!

காரணம், எத்திலீன் கார்பனேட் சிதையும்போது கிராஃபைட்டின் மேல் ஓர் உறுதியான படலம் படிகிறது. தடிமன் நானோமீட்டர் கணக்கில்தான். லித்தியம் அயனியை அது உள்ளே விடும், எலக்ட்ரானை வெளியே விடாது. அதனால் மேற்கொண்டு சிதைவு நின்றுபோகிறது. இத்தகைய படலத்தின் தன்மையை இஸ்ரேலிய வேதியியலாளர் இமானுவேல் பெலட் 1979-இலேயே விளக்கியிருந்தார். பேட்டரி தொழிற்சாலையில் முதல் முறை சார்ஜ் ஏறும்போதே இது உருவாகிவிடுகிறது. இந்தப் படலம் இல்லாமல் இன்றைய லேப்டாப்பும் இல்லை, செல்பேசியும் இல்லை.

நம் பேட்டரியைக் கொல்வதும் அதே படலம்தான். ஒவ்வொரு முறை லித்தியம் ஏறும்போதும் கிராஃபைட் சுமார் பத்து சதவீதம் உப்பி, இறங்கும்போது சுருங்குகிறது. படலத்தில் விரிசல் விழும். விரிசலில் புதுப் படலம் படியும். அதற்குத் தேவையான லித்தியம் பொதுக் கையிருப்பிலிருந்துதான் போகும், திரும்பி வராது. அறிக்கையில் கொள்ளளவு குறைந்து தெரிவது பெரும்பாலும் இதனால். கூடவே படலம் தடித்துக்கொண்டே போவதால் அயனிகள் கடந்துபோவது கடினமாகிறது. செல்லின் அகமின்தடை ஏறுகிறது. அறிக்கை சொல்லாமல் விடுவது இதைத்தான்.

இப்போது 38 சதவீதப் புதிருக்கு வரலாம். மூன்று செல்கள் தொடராக இணைந்த பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். ஓய்வில் ஒவ்வொன்றும் 3.7 வோல்ட், மொத்தம் 11.1. ஒரு செல் 3 வோல்ட்டுக்கு, அதாவது மொத்தம் 9 வோல்ட்டுக்குக் கீழே போனால் அணைத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. வீடியோ ஓடும்போது 4 ஆம்பியர் இழுக்கிறது. புதிய பேட்டரியின் அகமின்தடை 0.1 ஓம் என்றால் 0.4 வோல்ட்தான் உள்ளே விழும், மிச்சம் 10.7, கவலையில்லை. கிழட்டுப் பேட்டரியில் அதுவே 0.55 ஓம் ஆகிவிட்டால் விழுவது 2.2 வோல்ட். மிச்சம் 8.9. அணைந்துவிட்டது. அணைந்த மறுகணம் மின்னோட்டம் இல்லை, இழப்பும் இல்லை; மின்னழுத்தம் பழைய இடத்துக்கு ஏறிவிடுகிறது. திரும்பப் போட்டால் 37 சதவீதம் என்று காட்டுவதில் ஒரு தவறும் இல்லை. மூன்றில் ஒரு செல் மட்டும் நலிந்திருந்தாலும் இதே கதைதான். மற்ற இரண்டும் நன்றாக இருந்து பயனில்லை.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். திரை வெளிச்சத்தைக் குறைத்து, வெறும் எழுத்து வேலை மட்டும் செய்து பாருங்கள். அப்போது இருபது, பத்து என்று அமைதியாக இறங்கி, கனமான வேலை கொடுத்தால் மட்டும் அணைகிறதா? அகமின்தடைதான் குற்றவாளி, பேட்டரியை மாற்றுவது தவிர வழியில்லை. லேசான வேலையிலும் 40-லிருந்து 6-க்குத் தாவுகிறதா? கணக்கு பிசகியிருக்கலாம். ஒரு முறை முழுதாக ஏற்றி, அணையும்வரை இறக்கி, மறுபடி முழுதாக ஏற்றினால் சரியாக வாய்ப்புண்டு. இதையே தினசரி வழக்கமாக்கிவிடக் கூடாது. முழுக்கத் தீர்த்த பிறகே சார்ஜ் போட வேண்டும் என்பது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பாடம். லித்தியத்துக்கு அது கெடுதல். லேப்டாப்பைத் திறக்கும்போதெல்லாம் தேதியும் நேரமும் பழைய வருடத்துக்குப் போய்விட்டால் இந்தப் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். அது மதர்போர்டில் உள்ள, நாணயம் போன்ற சிறு பேட்டரியின் வேலை. விலை மிகக் குறைவு.

படலம் வேகமாகத் தடிக்க இரண்டு காரணங்கள் போதும்: சூடு, முழு சார்ஜிலேயே கிடப்பது. சித்திரை வெயிலில் மெத்தையின் மேல் வைத்து, நாள் முழுக்க நூறு சதவீதத்தில் சார்ஜரோடு ஓட்டினால் இரண்டும் சேர்ந்துவிடும். பல லேப்டாப்களில் எண்பது சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் அமைப்பு இருக்கிறது. மேசையிலேயே வைத்து வேலை செய்பவர்கள் இன்றே அதைப் போட்டுவிடுவது நல்லது. புதுப் பேட்டரி வாங்கும்போது தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். உபயோகிக்காமல் அலமாரியில் கிடந்தாலும் லித்தியம் பேட்டரிக்கு வயதாகும்.

கடைசியாக ஒன்று, இதற்கு எந்த அறிக்கையும் தேவையில்லை. டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, அடிப்பலகை தரையில் சமமாக உட்காராமல் ஆடினாலோ, உள்ளே திரவம் சிதைந்து வாயு சேர்ந்து பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்ற முயலவே முயலாதீர்கள், தீப்பிடிக்கும். சர்வீஸ் கடையில் கொடுத்துக் கழற்றுங்கள். கழற்றியதை வீட்டுக் குப்பையோடு போட வேண்டாம். இந்தியாவில் 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு அவற்றைத் தயாரித்து விற்பவர்களுடையது. கேட்டுக் கொடுங்கள்.