நாக்கை வளைக்கும் முன்

டீ வருவதற்குள் உங்கள் கேள்வியை எடுத்துக்கொள்வோம், தம்பி. போடியில் நன்றாக இழுக்கிற வண்டி, போடிமெட்டு ஏறிப் பூப்பாறை தாண்டியதும் திணறுகிறது. பிக்கப் இல்லை, ப்ளக்கைக் கழற்றினால் கரி. உடனே யாராவது சொல்லிவிடுகிறார்கள்: "ப்ளோட்டைக் கொஞ்சம் இறக்கிவிடு, சரியாயிடும்." நெம்மாறையிலிருந்து நெல்லியாம்பதி ஏறுகிற பையன்களுக்கும் இதே யோசனைதான் கிடைக்கிறது. நல்ல வண்டிகள் இதனால்தான் கெடுகின்றன. கார்புரேட்டரில் ஒவ்வொரு உறுப்புக்கும் தனி வேலை உண்டு. மலை உயரத்தைச் சமாளிப்பது ப்ளோட்டின் வேலை இல்லை.

மாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதவைப் பந்து பார்த்திருப்பீர்கள். கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணத்துக்குள் இருப்பதும் அதே ஏற்பாடுதான். பெட்ரோல் ஏற ஏற ப்ளோட்டும் ஏறும். அதன் அச்சுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் நாக்கு. அது நீடில் என்கிற ஊசியைத் தள்ளி பெட்ரோல் வரும் வழியை அடைக்கும். இன்ஜின் குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும், வழி மறுபடி திறக்கும். 1890-களில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் செய்த கார்புரேட்டரிலேயே இந்த மிதவை இருந்தது. யமஹா ஆர்எக்ஸ் 100-இலும் 2011-இல் வந்த ஹீரோ இம்பல்ஸிலும் 2016-இன் முதல் ஹிமாலயனிலும் அதே தத்துவம்தான். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபோது கார்புரேட்டரில் எஞ்சியிருந்த பெரும்பாலான வண்டிகள் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின.

மட்டத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை? கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்த இழுப்பில்தான் பெட்ரோல் ஜெட் வழியாக மேலே ஏறுகிறது. மட்டம் உயரமாக இருந்தால் ஏற வேண்டிய தூரம் குறைவு, பெட்ரோல் அதிகம் வரும்: ரிச். தாழ்ந்திருந்தால் தூரம் கூடும், குறைவாக வரும்: லீன். ஐடிலிங்கிலிருந்து முழு த்ராட்டில் வரை எல்லாமே இந்த மட்டத்தின் மேல்தான் நிற்கின்றன. எஸ்டேட் மண்பாதையில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. வண்டி மூக்கைத் தூக்கினால் கிண்ணம் சாயும், பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும். கல்லில் குதிக்கும்போது தளும்பும். மட்டம் ஏற்கெனவே தாழ்ந்திருந்தால் அந்த நேரத்தில் ஜெட்டின் வாய் காற்றைக் குடிக்கும், செங்குத்து ஏற்றத்தின் நடுவில் இன்ஜின் அணையும். மட்டம் அதிகமென்றால் ஓவர்ஃப்ளோ குழாயில் ஒழுகும்.

இப்போது போடிமெட்டுக்கு வருவோம். போடி சுமார் 350 மீட்டர் உயரம், அந்த வழியில் மேலே இருக்கும் மூணாறு ஏறத்தாழ 1,500. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் மூணாறில் காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைகிற அளவுக்கு பெட்ரோல் குறைவதில்லை, அதனால்தான் ரிச் ஆகிறது. இதற்குச் சரியான வழி, ஒரு சைஸ் சின்ன மெயின் ஜெட். ஸ்லைடில் தொங்கும் இன்னொரு நீடிலில் காடிகள் இருந்தால் கிளிப்பை ஒரு காடி மேலே ஏற்றலாம், நீடில் இறங்கி பெட்ரோல் குறையும். இதையெல்லாம் விட்டு ப்ளோட்டை இறக்கினால் மேலே கொஞ்சம் தெளிந்ததுபோல் தெரியும். ஆனால் சரிவில் பட்டினி கிடக்கும். மறுபடி போடிக்கு இறங்கியதும் லீனாக ஓடிச் சூடேறும். டூ ஸ்ட்ரோக் என்றால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் அபாயம் வரை போகும்.

அப்படியென்றால் ப்ளோட்டை எப்போது பார்ப்பது? நேராக நிறுத்தி பெட்ரோல் காக்கைத் திறந்து வைத்தால் ஒழுகுகிறதா? முழு த்ராட்டிலில் கொஞ்ச தூரம் ஓடி மூச்சு வாங்குகிறதா? அப்போதும் வளைக்க அவசரப்பட வேண்டாம். முதலில் டேங்க் மூடியின் காற்றோட்டத் துளையையும் காக்கையும் பாருங்கள். அடுத்து நீடிலின் ரப்பர் முனையில் வளையமாகத் தேய்மானம் இருக்கிறதா, நீடில் பொருந்தும் இருக்கையில் தூசி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ப்ளோட்டைக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே பெட்ரோல் தளும்பினால் அது ஓட்டை, மாற்றியே ஆகவேண்டும். இடுக்கி மழையில் மாதக்கணக்கில் நின்ற வண்டியானால் கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து வடித்துவிடுங்கள். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பழைய ரப்பரையும் உப்பவைக்கும்.

அளப்பதற்கு காக்கை மூடி, கிண்ணத்தை வடித்து, கார்புரேட்டரைக் கழற்றுங்கள். பக்கத்தில் பீடி, நெருப்பு எதுவும் கூடாது. கிண்ணத்தை எடுத்து கேஸ்கட்டையும் நீக்குங்கள். பிறகு கார்புரேட்டரைத் தலைகீழாக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். நாக்கு நீடிலின் குட்டி ஸ்பிரிங் முனையைத் தொடவேண்டும், ஆனால் அமுக்கக் கூடாது. முழுதாகக் கவிழ்த்தால் ப்ளோட்டின் எடையே அந்த ஸ்பிரிங்கை அமுக்கி அளவைப் பொய்யாக்கும். இந்த நிலையில் கேஸ்கட் உட்காரும் தளத்திலிருந்து ப்ளோட்டின் மிக உயர்ந்த புள்ளி வரை வெர்னியரில் அளக்கவேண்டும். எவ்வளவு இருக்கவேண்டும் என்பதை உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் மட்டும் பாருங்கள், பக்கத்து வண்டியின் அளவு உதவாது.

பலர் தடுமாறுவது இங்கேதான். நாம் தலைகீழாக அளக்கிறோம். அதனால் எண் பெரிதானால் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் தாழ்வு, எண் சிறிதானால் மட்டம் உயர்வு. "ஹைட்டைக் கூட்டு" என்று ஒருவர் சொன்னால் எண்ணையா, மட்டத்தையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாக்கை நீடில் பக்கம் வளைத்தால் வழி சீக்கிரம் அடைபடும், மட்டம் இறங்கும். எதிர்ப்பக்கம் வளைத்தால் ஏறும். மயிரிழை அளவுக்கு வளைத்து, மறுபடி அளந்து பாருங்கள். ஒரு மில்லிமீட்டரே பெரிய மாற்றம். வளைக்கும்போது ப்ளோட்டை அழுத்தாதீர்கள், நீடில் முனை இருக்கையில் பதிந்து வடு விழும். சில பிளாஸ்டிக் ப்ளோட்டுகளில் வளைக்க நாக்கே கிடையாது. அளவு தப்பியிருந்தால் ப்ளோட்டையும் நீடிலையும் மாற்றுவதுதான் வழி.

மாட்டிய பிறகு கிண்ணத்தின் வடிகால் முனையில் ஒரு தெளிவான டியூபைச் செருகி, அதைக் கிண்ணத்தின் பக்கவாட்டில் மேலே தூக்கிப் பிடித்து, காக்கையும் வடிகால் திருகையும் திறவுங்கள். டியூபில் நிற்கும் பெட்ரோல்தான் உள்ளே இருக்கும் உண்மையான மட்டம். வண்டியை இன்னொருவர் நேராகப் பிடித்துக்கொள்ளட்டும், சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருந்தால் அந்த மட்டம் தப்பாகத்தான் காட்டும்.