மார்க் வாங்கியாச்சு, பணம் வந்துச்சா?

செப்டம்பர் மாதத்தில் ஏதாவது ஒரு தாலுகா அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். கல்வி உதவித்தொகை நம் ஊரில் எப்படி நடக்கிறது என்பது தெரிந்துவிடும். போளூர்ப் பக்கம் அப்படி ஒரு கடையில், பி.எஸ்சி. முதலாமாண்டு படிக்கும் பெண் ஒருத்தி மடியில் பிளாஸ்டிக் ஃபைலோடு உட்கார்ந்திருந்தாள். கடைக்காரர் அவள் ஆதார் எண்ணைத் தட்டிவிட்டு, "ஓ.டி.பி. சொல்லும்மா" என்றார். ஆதாரில் பதிந்திருப்பது அவள் அப்பாவின் செல் நம்பர். அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருக்கிறார்.

"அப்பா, மெசேஜ் வந்துச்சா பாரு. ஆறு நம்பர் இருக்கும்."

"எதுல பாக்கறதுன்னு தெரியலம்மா. மேஸ்திரிகிட்ட குடுக்கறேன், இரு."

மேஸ்திரி வாங்கிப் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மறுபடி அனுப்பினால் டவர் இல்லை. "அண்ணே, நாளைக்கு வரட்டுமா?" என்று கேட்டாள். "வா, ஆனா சர்வர் எப்படி இருக்கும்னு சொல்ல முடியாது பாப்பா" என்றார் அவர், அடுத்த ஆளின் ரேஷன் கார்டை ஸ்கேனரில் வைத்தபடியே.

பிளஸ் டூவில் 600-க்கு 540-க்கு மேல் வாங்கிய பெண் அவள். அந்த மார்க்கை அரசுத் தேர்வுத் துறையே போட்டுக் கொடுத்துவிட்டது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இந்தக் கடையில் நடப்பது இன்னொரு தேர்வு. இதற்குப் பாடப்புத்தகம் கிடையாது, ஆசிரியர் கிடையாது. மார்க் குறைந்து உதவித்தொகையை இழந்தவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. இந்த இரண்டாவது தேர்வில் தோற்றவர்களைத்தான் ஊருக்கு ஊர் பார்க்கிறேன்.

அவள் விண்ணப்பித்துக்கொண்டிருந்தது கல்லூரி மாணவர்களுக்கான மத்திய அரசின் மெரிட் உதவித்தொகைக்கு. நாடு முழுவதும் ஆண்டுக்கு 82,000 புதிய மாணவர்களுக்கு இது உண்டு. பாதி பெண்களுக்கு. அறிவியல், வணிகவியல், கலைப் பிரிவுகளுக்கு 3:2:1 என்று பங்கு. பிளஸ் டூவில் தன் போர்டில், தன் பிரிவில் எழுதியவர்களில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. இளநிலைப் படிப்புக்கு வருடம் 12,000 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் அரசுக் கலைக் கல்லூரியில் படிக்கும் ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு பஸ் செலவு, புத்தகம், தேர்வுக் கட்டணம் எல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

முதல் 20 சதவீதத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்ற கணக்கு போர்டிடம் இருக்கிறது. இல்லாவிட்டால் தகுதியைச் சரிபார்க்கவே முடியாது. ஆனாலும் 'நீ தகுதியானவள்' என்று அவளுக்கு ஒரு கடிதம் வருவதில்லை. அவளாகத் தெரிந்துகொண்டு, தேதிக்குள் வந்து, தன்னை நிரூபிக்க வேண்டும்.

நிரூபிப்பதில் முதல் முடிச்சு பெயர். ஆதாரில் இனிஷியல் இல்லாமல் இருக்கும், மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால் இருக்கும், பாஸ்புக்கில் முன்னால் இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத நம் வழக்கத்தை யாரும் யோசித்துப் பார்த்து இந்தப் படிவங்களை வடிவமைத்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது முடிச்சு வங்கிக் கணக்கு. பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்துக் கையெழுத்துப் போட்டதும் 'ஆதார் லிங்க் ஆயிடுச்சு' என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். அது கே.ஒய்.சி. என்ற அடையாளச் சரிபார்ப்பு மட்டும். உதவித்தொகை வருவதற்கு, அந்த வங்கி, வங்கிகளுக்கிடையே பணம் மாற்றும் என்.பி.சி.ஐ. அமைப்பின் பட்டியலில் உங்கள் ஆதார் எண்ணுக்கு நேராகத் தன் பெயரைப் பதிய வேண்டும். 'சீடிங்' என்பது இதைத்தான். அரசு அனுப்பும் பணம் இந்த முறையில் கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை, ஆதார் எண்ணைப் பார்த்துப் போகிறது. கடைசியாக எந்த வங்கி சீடிங் செய்ததோ அங்கே போய் விழுகிறது. ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் திறந்து கொடுத்த கணக்கு ஒன்று, கல்லூரி வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்த வங்கிக்காரர் திறந்து கொடுத்த கணக்கு ஒன்று என்று இருக்கும். விண்ணப்பத்தில் ஒன்றைக் கொடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பணம் மற்றதில் கிடக்கும். சிறுவயதுக் கணக்காக இருந்தால் 18 வயது முடிந்ததும் புதிதாகக் கே.ஒய்.சி. கொடுக்காமல் முடங்கியும் கிடக்கும். ஆதார் இணையதளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்ற இடத்தில் எந்த வங்கி என்று பார்த்துவிடலாம். அதற்கும் ஓ.டி.பி. வேண்டும் என்பது தனிக் கதை.

வருமானச் சான்றிதழ் மூன்றாவது. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டினால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஏறிப்போய் வரும். கூலி வேலை செய்கிறவரின் ஆண்டு வருமானம் அவருக்கே தெரியாது. எழுதுகிறவர் ஒரு தொகையைப் போடுகிறார். போன வருடம் 72,000, இந்த வருடம் 96,000 என்று இரண்டு சான்றிதழ்களில் இரண்டு தொகை இருந்தால் அதற்கும் யாராவது விளக்கம் கேட்பார்கள்.

இவ்வளவு கெடுபிடி ஏன் வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சிறுபான்மையினர் உதவித்தொகையில் சந்தேகத்துக்குரிய 1,572 கல்வி நிறுவனங்களை மத்திய அமைச்சகம் சோதித்தபோது, அவற்றில் 830 போலி அல்லது செயல்படாதவை என்று தெரிந்து, 2023-இல் விவகாரம் சி.பி.ஐ.யிடம் போனது. இழப்பு 144.83 கோடி என்று கணக்கிட்டார்கள். அதையடுத்த வருடங்களில் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஒருமுறைப் பதிவு, கேமரா முன் முகம் காட்டுவது எல்லாம் கட்டாயமாயின. திருடியது நிறுவனங்களும் இடைத்தரகர்களும். மங்கலான செல்போன் கேமரா முன்னால் கண் சிமிட்டி 'நான்தான் நான்' என்று நிரூபிப்பது மாணவி.

இப்படித்தான் நடக்க வேண்டும் என்று இல்லை. 2022 செப்டம்பர் 5 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தைப் பாருங்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய். மார்க் கேட்பதில்லை, வருமானச் சான்று கேட்பதில்லை, வேறு உதவித்தொகை வாங்கினாலும் தடை இல்லை. எங்கே படித்தாள் என்பது பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் பதிவிலேயே இருக்கிறது. கல்லூரி விவரம் யூமிஸ் தளத்தில் ஏறுகிறது. 2024 ஆகஸ்டில் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று வந்தது. 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் பொறியியலோ மருத்துவமோ சேரும் அரசுப் பள்ளி மாணவருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது; அவர் கையில் பணம் வந்து போக வேண்டிய தேவையே இல்லை. இவற்றிலும் வங்கிக் கணக்குச் சிக்கல் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தகுதியைக் கண்டுபிடிக்கும் வேலையை அரசு தன் தலையில் போட்டுக்கொண்டது. என்னைக் கேட்டால் மெரிட் திட்டங்களுக்குத்தான் இது முதலில் வந்திருக்க வேண்டும், மார்க் பட்டியல் அரசின் கையிலேயே இருப்பதால்.

நேர் எதிரான அனுபவம் பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில். 1944-இல் தொடங்கிய திட்டம் அது. எத்தனையோ குடும்பங்களின் முதல் பட்டதாரி அதில் படித்து வந்தவர்தான். குடும்ப வருமான வரம்பு 2.5 லட்சம். இப்போது செலவில் 60 சதவீதம் மத்திய அரசு, 40 மாநிலம். மத்திய அரசின் பங்கு மாணவரின் கணக்குக்கே நேராக வருகிறது, அதுவும் மாநிலம் தன் பங்கைப் போட்ட பிறகு. மாணவர் கையில் பணம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தனியார் கல்லூரி அக்கவுன்ட்ஸ் கவுன்டரிலோ, 'வந்ததும் எடுத்துக்கோ, இப்ப கட்டு' என்கிறார்கள். செமஸ்டர் தேர்வு நவம்பரில். பணம் எப்போது என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. நடுவில் அந்தக் குடும்பம் வட்டிக்கு வாங்குகிறது. பிறகு வரும் உதவித்தொகை அந்த வட்டிக்குப் போகிறது.

கிடைத்த பிறகு தக்கவைப்பது இன்னொரு பாடு. முன்பு சொன்ன மெரிட் திட்டத்தில் அடுத்த ஆண்டும் வாங்க 50 சதவீத மார்க்கும் 75 சதவீத வருகைப்பதிவும் வேண்டும். நியாயமான நிபந்தனைதான். ஆனால் நிபந்தனை எந்த மாணவனையும் ஒரே அளவுகோலால் அளந்துவிடும். 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜன், கணக்கைத் தவிர மற்றதைக் கவனிக்காமல் ஆங்கிலத்தில் தேறாததால் அதை இழந்தார். 1913-இல், துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த அதே ஆளுக்கு, பட்டம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. விதியைத் தளர்த்த யாரோ பேசியிருக்கிறார்கள். இன்றைய இணையதளத்தில் பேசுவதற்கு ஆள் இல்லை.

தெரியாததாலேயே தவறிப்போகும் திட்டங்களும் உண்டு. பிளஸ் டூவில் தன் போர்டில் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து, அடிப்படை அறிவியலில் பி.எஸ்சி. சேர்கிறவருக்கு இன்ஸ்பயர் திட்டத்தில் வருடம் 80,000 ரூபாய். அதில் 20,000 கோடை ஆராய்ச்சிக்காக. அதற்கு வருமான வரம்பே கிடையாது. 'பி.எஸ்சி. கணக்கு எடுத்து என்ன பண்ணப் போறே' என்று கேட்கும் சித்தப்பாக்களுக்கு இந்தத் தொகையைச் சொல்லலாம். பொறியியலிலும் டிப்ளமோவிலும் சேரும் பெண்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி, வருடம் 50,000; குடும்பத்துக்கு இரண்டு பெண்கள் வரை, வருமானம் 8 லட்சத்துக்குள். ஒன்றை வாங்கினால் இன்னொரு மத்திய உதவித்தொகையை விட வேண்டியிருக்கும் என்பதால் 12,000-க்கு அவசரப்பட்டு முன்பே விண்ணப்பிக்காமல், 50,000-க்குத் தகுதி உண்டா என்று பார்த்துவிடுவது நல்லது. தனியார் அறக்கட்டளைகளில் அகரம் போன்றவை ஆளை வீட்டுக்கே அனுப்பிப் பார்க்கின்றன. கூரையைப் பார்த்தவருக்கு இனிஷியல் எங்கே இருந்தாலும் கவலை இல்லை.

கடைசியாக, பலரும் கவனிக்காத ஒரு கட்டம். மாணவர் 'சப்மிட்' அழுத்தியதும் வேலை முடிவதில்லை. விண்ணப்பம் முதலில் கல்லூரிக்குப் போகிறது. அங்கே பொறுப்பு அலுவலர் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும், அதற்குத் தனிக் கெடு உண்டு. பல கல்லூரிகளில் அந்தப் பொறுப்பு, ஏற்கெனவே தேர்வுப் பணியிலும் அட்மிஷனிலும் சிக்கியிருக்கும் ஓர் உதவிப் பேராசிரியர் தலையில். அவர் பார்க்காமல் விட்டால் மாணவர் எவ்வளவு சரியாகப் பூர்த்தி செய்திருந்தாலும் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். பிழை என்று திருப்பி அனுப்பினால் தளத்தில் 'டிஃபெக்டிவ்' என்று காட்டும். திருத்தச் சில நாட்கள்தான் தருவார்கள். திருப்பி அனுப்பியது தெரியாமலே டிசம்பர் வரை காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் விண்ணப்பித்த இரண்டு வாரத்தில் ஒருமுறை ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு, 'பென்டிங் அட் இன்ஸ்டிட்யூட்' என்றிருந்தால் அந்தப் பக்கத்தை பிரின்ட் எடுத்துக்கொண்டு கல்லூரி அலுவலகத்துக்குப் போக வேண்டும். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் சீனியர்களைக் கேளுங்கள். அந்த அறை எது, அந்த மேடம் எந்த நேரத்தில் இருப்பார் என்பது அவர்களுக்குத் தெரியும்.