நடுங்கும் கைக்கு நல்ல துணை

வேலணையிலிருந்து வாணர் தாம்போதியைக் கடந்து புங்குடுதீவினுட் புகுவோரை வரவேற்கும் ஊர் மடத்துவெளி. ஒருபுறம் பரவைக்கடல், மறுபுறம் பனங்கூடல், அருகே முருகன் கோயில். இத்தகைய அமைதி குடிகொண்ட ஊர்கள் தீவகத்திற் பல உள. அவற்றுள் யாதேனும் ஒன்றில், அதிகாலை வேளையில், ஒரு தேநீர்க்கடையிலே நாம் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்வோம்.

வள்ளம் கட்டுவதில் கைதேர்ந்த ஓடாவியார் ஒருவர் வருகிறார். கடைக்காரர் அவருக்கு மட்டும் கிளாஸில் அரைவாசிக்கே தேநீர் ஊற்றுகிறார். நிறைய ஊற்றினால் சிந்திவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஓடாவியார் கிளாஸை இரு கைகளாலும் பற்றித் தலையைத் தாழ்த்தி, வாயைத் தேநீரிடம் கொண்டுசெல்கிறார். அயலில் இருப்போர் வேறு பக்கம் பார்க்கின்றனர். பள்ளிச் சிறுவன் ஒருவன் சிரிக்கிறான். மயிரிழையும் பிசகாமற் பலகை இழைத்த கைகள் அவை! பத்து மணியளவில், ஒரு பிளாக் கள்ளோ ஒரு மிடறு சாராயமோ உள்ளே சென்ற பின்னர் பார்த்தால், அதே கைகள் அமைதியாக உளியைப் பிடித்திருக்கும்.

ஓடாவியார் நமது கற்பனை. ஆயினும் இக்காட்சியை ஒரு முறையேனும் காணாதவர் நம்மிடையே அரியர். “குடியினால் நடுங்குகிறது” என்பர் ஊரார். “மனவலி இல்லாதவன்” என்பர் உறவினர். இரண்டும் முழு உண்மையல்ல. அந்தக் காலை வேளையிலே அவர் கை நடுங்குவது, பழகிப்போன மது உடலை விட்டு நீங்கிக்கொண்டிருப்பதனாலேயாம். இவ்வுண்மையை அறிந்த குடும்பம் ஓர் உயிரைக் காக்கலாம். அறியாத குடும்பம் நல்லெண்ணத்தினாலேயே அவ்வுயிரை இழக்கவும் கூடும். ஆகவே இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

நடுக்கம் பிறக்கும் விதம்

நமது மூளையில் நரம்புகளைத் தூண்டும் பொருள்களும் உண்டு. அடக்கும் பொருள்களும் உண்டு. தூண்டுவனவற்றுள் முதன்மையானது குளூட்டமேற்று. அடக்குவனவற்றுள் முதன்மையானது காபா. மதுசாரம் காபாவின் வலிமையைக் கூட்டிக் குளூட்டமேற்றின் வேலையைக் குறைக்கிறது. குடித்தவர்க்கு மயக்கமும் தளர்ச்சியும் உண்டாவது இதனாலேதான்.

தோணியோட்டும் நம்மவர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். ஒரு பக்கமிருந்து காற்று ஓயாது வீசும்போது, தோணியில் உள்ளோர் மறுபக்கம் சாய்ந்திருந்து அதனைச் சமன் செய்வர். ஆண்டுக்கணக்கிலே நாள்தோறும் மது வீசும் மூளையும் அவ்வாறே மறுபக்கம் சாய்ந்து, தூண்டும் வலிமையைப் பெருக்கி வைத்துக்கொள்கிறது. திடீரெனக் காற்று நின்றுவிட்டால் நிலைமை என்னாகும்? சாய்ந்திருந்தவர்களின் பாரத்தினாலேயே தோணி தடுமாறும். அத்தடுமாற்றமே கை நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, ஓங்காளம், உறக்கமின்மை என வெளிப்படுகின்றது. கடைசியாகக் குடித்து ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கிவிடும். இரவு குடித்து உறங்கியவர்க்கு விடியற்காலையில் கை ஆடுவதன் காரணம் இதுவே.

இவையெல்லாம் மது நீங்குவதால் விளைபவை என்பது நெடுங்காலம் ஐயத்துக்கிடமாகவே இருந்தது. நல்லுணவு இல்லாமையே காரணம் என்று வாதித்தோரும் இருந்தனர். அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரில் ஹரிஸ் இஸ்பெல் என்னும் வைத்தியரும் அவர் குழுவினரும் 1955இல் வெளியிட்ட ஆராய்ச்சி இவ்வையத்தைப் போக்கிற்று. நல்லுணவும் விற்றமின்களும் பெற்றுக்கொண்டே பல வாரங்கள் இடைவிடாது மது அருந்தியவர்களிடம் அது திடீரென நிறுத்தப்பட்டபோது, நடுக்கமும், சிலருக்கு வலிப்பும், சன்னியும் தோன்றின.

நடுங்கும் கை யாவும் குடிகாரர் கை என எண்ணிவிடலாகாது. பரம்பரையாக வரும் நடுக்கம், தைரொயிட்டுச் சுரப்பியின் மிகை, பார்க்கின்சன் நோய், சில மருந்துகள் ஆகியனவும் கையை நடுங்கச் செய்யும். வாழ்நாளில் ஒரு துளியும் தொடாத பெரியவரைப் பார்த்து நகைக்கும் பாவத்தை நம் பிள்ளைகள் செய்யாதிருப்பார்களாக.

ஒரு சத்திர வைத்தியரின் கதை

கை நடுங்குவது யாவர்க்கும் துன்பமே. அறுவைக் கத்தி பிடிக்கும் வைத்தியருக்கோ அது பெருந் துன்பம். அமெரிக்காவின் அக்றன் நகரிலே வாழ்ந்த றொபேட் ஸ்மித் என்பவர் அத்தகைய சத்திர வைத்தியர். கற்றவர்; அன்பான மனைவியை உடையவர்; பலமுறை குடியை விட முயன்று தோற்றவர். 1935 மே மாதத்தில், தாமும் குடியில் மூழ்கி எழுந்தவரான பில் வில்சன் என்பவரை அவர் சந்தித்தார். நோயாளி ஒருவர் மற்றொரு நோயாளியிடம் மனந்திறந்து பேசிய அச்சந்திப்பு அவரை மாற்றியது. எனினும் சில வாரங்களில், வைத்தியர்களின் மாநாடொன்றிற்குச் சென்றவிடத்தில் மீண்டும் வழுவினார்.

திரும்பி வந்த அவருக்கு ஓர் அறுவைச் சிகிச்சை காத்திருந்தது. அந்நாட் காலையிலும் கை நடுக்கம் அடங்கவில்லை. அதனை அடக்குவதற்காக வில்சன் அவருக்கு ஒரு போத்தல் பியர் கொடுத்தார். அதுவே அவர் அருந்திய கடைசி மது. அறுவை முடிந்தபின் அவர் நேரே வீடு திரும்பாமல், தம்மால் தீங்குற்றோரையும் கடன் கொடுத்தோரையும் தேடிச் சென்று பேசிவிட்டு வந்தார் என்பர். அந்த 1935 ஜூன் 10ஆம் நாளையே, இன்று உலகெங்கும் பரந்துள்ள ‘அல்கஹாலிக்ஸ் அநொனிமஸ்’ இயக்கத்தார் தம் தொடக்க நாளாகக் கொள்கின்றனர். ஸ்மித் 1950இல் இறக்கும்வரை மதுவைத் தொடவில்லை.

இக்கதையில் இரு பாடங்கள் உள. நடுக்கத்தை அடக்கும் மதுவே மறுநாள் நடுக்கத்தை வளர்க்கிறது. குடிப்பவர் இச்சுழலில் இன்பத்துக்காக அன்றி, கிளாஸைப் பிடிப்பதற்காகவே குடிக்கும் நிலையை அடைகிறார். இஃதொன்று. ஒருமுறை வழுவியவர் தோற்றவரல்லர் என்பது மற்றொன்று. நிற்க. இன்று நடுக்கத்தை அடக்கப் பியர் வேண்டியதில்லை. 1960இல் விற்பனைக்கு வந்த குளோர்டயசெப்பொக்சைட்டும் அதன் இனத்து மருந்துகளும் அப்பணியை ஒழுங்காகச் செய்கின்றன. ஆனால் அவையும் பழக்கத்துக்கு ஆளாக்க வல்லன. மதுவுடன் சேர்ந்தால் மூச்சையே அடக்கக்கூடும். ஆதலால் வைத்தியர் அளவிட்டுக் கொடுத்து, சில நாட்களிற் படிப்படியாகக் குறைத்து நிறுத்தவேண்டியவை.

விரதமும் மூன்றாம் இரவும்

கந்தசஷ்டி வருகிறது. வீட்டாரின் கண்ணீருக்கு இரங்கிய ஒருவர், முருகன் சந்நிதியிற் கற்பூரம் ஏற்றி, “இனித் தொடமாட்டேன்” என்று சத்தியம் செய்கிறார். அன்றே மதுவை நிறுத்துகிறார். விரதமென்று உணவையும் நிறுத்துகிறார். எண்ணம் தூயது, போற்றத்தக்கது. ஆனால் ஆண்டுக்கணக்காய் நாள்தோறும் மிகுதியாகக் குடித்து, காலையிற் கை நடுங்கும் நிலையை எய்தியவர்க்கு இது மிகவும் ஆபத்தான வழி.

முதல் நாளில் நடுக்கம். இரண்டு நாட்களுக்குள், பெரும்பாலும் முதல் நாளின் இறுதியை அண்டி, வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நாலாம் நாள் வரையிலே சிலருக்குக் கடுஞ்சன்னி காணும். இல்லாத பூச்சிகள் உடலில் ஊர்வதாகக் கூறுவர், இறந்தோர் வந்து பேசுவதாகச் சொல்வர், காலமும் இடமும் மறப்பர், காய்ச்சல் கொதிக்கும், நாடி விரையும். இந்நடுக்கச் சன்னிக்கு 1813இல் பெயரிட்டவர் தோமஸ் சட்டன் என்னும் ஆங்கில வைத்தியர். சிகிச்சையில்லாத காலத்தில் இதற்கு ஆளானோரில் மூவரில் ஒருவர் வரை இறந்தனர். இன்று தக்க சிகிச்சை பெறுவோரில் இறப்போர் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு.

மூன்றாம் இரவில் கணவர் சுவரோடு பேசுவதைக் காணும் மனைவி என்ன எண்ணுவார்? பேய் பிடித்ததென்பார், விரதத்தில் குறை நேர்ந்ததென்பார். விபூதி போடுவோரை அழைப்பதற்குள் பொழுது போய்விடும். புங்குடுதீவிலிருந்தேனும் தாம்போதி வழியாக யாழ்ப்பாணம் செல்லலாம். நெடுந்தீவிலோ நயினாதீவிலோ நள்ளிரவில் இது நேர்ந்தால், கடல் குறுக்கே நிற்கிறது. எனவே வைத்தியரைக் காணவேண்டிய நாள் மூன்றாம் நாளன்று. சத்தியம் செய்வதற்கு முதல் நாளே. வைத்தியரைக் கண்டபின் சந்நிதிக்குச் செல்வதனால் முருகன் கோபிக்கப்போவதில்லை.

உணவும் மறக்கத்தக்கதன்று. மிகுதியாகக் குடிப்போர் உடலில் தயமின் எனப்படும் விற்றமின் பி1 வற்றிப்போயிருக்கும். அக்குறையினால் கண் தடுமாற்றமும், நடைத் தளர்ச்சியும், மீளா மறதியும் உண்டாகலாம். ஆகவே வைத்தியர் இதனை ஊசி மூலமாகவே கொடுப்பதுண்டு. அந்நாட்களில் உபவாசம் கூடவே கூடாது.

சென்னையிற் பிறந்த ஒரு வழி

குடியை நோயென்று கண்டு மருந்தும் அன்பும் ஒருங்கே அளித்தற்குத் தமிழகத்தில் வழிகாட்டியவர் சாந்தி ரங்கநாதன் அம்மையார். செல்வமும் செல்வாக்கும் மிக்க குடும்பத்தில், ரி. ரி. கிருஷ்ணமாச்சாரியாரின் பேரனாகிய ரி. ரி. ரங்கநாதனை அவர் மணந்தார். கணவரோ மதுவுக்கு அடிமையாகி 1979இல் இளவயதிலேயே மறைந்தார். அத்துயரத்திலே முடங்கிவிடாது, 1980இல் கணவரின் பெயரால் ஒரு நிலையத்தை அவர் நிறுவினார். அதன் சிகிச்சை நிலையமே சென்னையிலுள்ள ரி. ரி. கே. மருத்துவமனை. உடலிலிருந்து நஞ்சை நீக்கியபின், நோயாளிக்கு மனவழிகாட்டலும் அங்கு அளிக்கப்படுகிறது. குடும்பத்தாருக்கும் தனியே பயிற்சி உண்டு. இந்திய அரசு 1992இல் அம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று.

நமது தீவுகளுக்குப் பொருந்துவது அந்நிலையத்தாரின் மற்றொரு பணி. திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே சென்று சிகிச்சை முகாம் நடத்தினர். நோயாளியை ஊர் நகைக்காமல் ஊரே தாங்கும் முறை அது. நகருக்குச் செல்ல இயலாத ஊருக்கு, இதனினும் சிறந்த வழி வேறில்லை.

வீட்டார் செய்யத்தக்கவை

நாள்தோறும் குடிப்பவர் காலையிற் கை நடுங்குமாயின், “இப்பொழுதே நிறுத்து” என்று வற்புறுத்தாது, “வாருங்கள், வைத்தியரிடம் போவோம்” என்று அழையுங்கள். ஊர் வைத்தியசாலையிலோ, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையிலோ, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ, மனநல சிகிச்சைக்குப் பெயர்பெற்ற தெல்லிப்பளையிலோ உண்மையை மறையாது சொல்லுங்கள். எவ்வளவு குடிப்பவர், கடைசியாக எப்போது குடித்தார், முன்னர் வலிப்பு வந்ததுண்டா என்னும் மூன்றும் வைத்தியருக்கு இன்றியமையாதவை. கூச்சப்படுவோர் 1926 என்னும் தேசிய மனநல உதவித் தொலைபேசி எண்ணை அழைக்கலாம். பலமுறை நிறுத்தி மீண்டும் தொடங்கியவர்க்கு ஒவ்வொரு முறையும் இத்துன்பம் கடுமையாவதுண்டு. முன்பு தாங்கியவர் இம்முறையும் தாங்குவார் என்று துணியலாகாது.

இரகசியமாகக் குழம்பில் மருந்து கலந்து கொடுக்கும் வழக்கத்தை அறவே விடுங்கள். மது பட்டவுடன் வாந்தியும் படபடப்பும் உண்டாக்கும் டைசல்பிரம் என்ற மருந்து, அறியாது உண்பவரின் நெஞ்சையே தாக்கக்கூடும். உண்பவர் அறிந்து, இசைந்து, வைத்தியர் கண்காணிப்பில் உண்ணவேண்டிய மருந்து அது.

பெரும்பாலோர்க்கு ஒரு வாரத்தளவில் நடுக்கம் தணிகின்றது. உறக்கமின்மையும் எரிச்சலும் வாரக்கணக்கில் நீடிக்கலாம். அக்காலத்திற் சொல்லும் ஒரு கடுஞ்சொல் பழைய வழிக்கே அவரைத் திருப்பிவிடலாம். வாரங்கள் சென்றும் கை நடுங்கினால் வேறு காரணம் உண்டோவென மீண்டும் வைத்தியரிடம் காட்டுக.

மாணவர்க்கு ஒரு சொல்

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். திருக்குறளின் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரம் அது. நமது நாட்டிலே 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், இருபத்தொரு வயது நிரம்பாதோர்க்கு மதுசாரம் விற்பதைத் தடுக்கிறது; அதன் விளம்பரத்தையும் விலக்குகிறது. அறமும் சட்டமும் துணை நிற்கையில், தொடங்காதிருத்தலே எளிய வழி. பனையைப் பழிக்கவேண்டியதில்லை. முட்டியிற் சுண்ணாம்பு தடவினால் அதே பாளை கருப்பணியைத் தருகிறது, அது பனங்கட்டியாகிறது. சுண்ணாம்பில்லா முட்டியிலே சில மணி நேரத்தில் கள் புளித்துவிடுகிறது. மரம் ஒன்றே, வழிதான் இரண்டு.

மாணவர்களே! நாளைக் காலை தேநீர்க்கடையில் ஒருவர் கிளாஸை இரு கைகளாலும் பற்றுவதைக் கண்டால் சிரியாதீர்கள். அவர் உங்கள் தோழனின் தந்தையாக இருக்கலாம். அவருக்கு வேண்டியது அரைக் கிளாஸ் தேநீர் மட்டுமன்று. வைத்தியசாலை வரை உடன்வரும் ஒரு துணை. அத்துணையாக நாம் ஒவ்வொருவரும் இருப்போமாயின், உளியைப் பிடித்த அந்தக் கை மது இன்றியே மீண்டும் உறுதியாக உளியைப் பிடிக்கும்.